ஓரங்கட்டுற மச்சினன்

உக்காருங்க, உக்காருங்க. சன்னலோரம் நீங்களே எடுத்துக்கங்க. எனக்கு வேண்டாமுங்க. இந்த ரோட்டுல வெளிய பாத்துட்டுப் போறதுக்கு எனக்கு ஒண்ணுமில்ல.

பொள்ளாச்சிங்களா? நானும் அங்கதான். புள்ளையக் கட்டிக்குடுத்த ஊரு. இன்னிக்கு வளைகாப்பு. வீட்டுல எல்லாரும் காலையிலயே கெளம்பிப் போயிட்டாங்க. கார்லதான். என்ற கார்லதான்! நான் வாங்குன காரு, என்ற பேருல இருக்கற காரு. அதுல எனக்கும் எடம் இருந்துச்சு, இல்லேங்கல. நாந்தான் பஸ்ல வர்றேன்னு சொல்லிட்டேன்.

ஏன்னு கேக்கறீங்களா? கேக்கல? கேக்காட்டியும் சொல்றேன், உடுமலைக்கு இன்னும் நேரங் கெடக்குது. என்ற காரை இப்ப ஓட்டறவன் என்ற மச்சினன். சம்சாரத்தோட தம்பி. பேரு லோகநாதன். பால் சொசைட்டில செகரட்டரி. அவன் ஓட்டற வண்டில குந்தறதுக்கு நான் காங்கயத்துல இருந்து பொள்ளாச்சிக்கு நடந்தே வருவேன்.

நம்மளுக்குக் காங்கயத்துல மோட்டார் பம்ப் கடைங்க. தெய்வசிகாமணின்னா பஸ் ஸ்டாண்டுல யாரக் கேட்டாலும் சொல்லுவாங்க. புல்லட் ஓட்டிருக்கேன், ட்ராக்டர் ஓட்டிருக்கேன், லாரி கூட ஓட்டிப் பாத்திருக்கேன். இவன் முப்பத்தஞ்சு வயசுக்கு மேல டிரைவிங் ஸ்கூல் போய்ப் படிச்சவன். பள்ளிக்கூடம் போயி வண்டி ஓட்டப் படிச்சவனைப் பத்தி நான் என்னத்தச் சொல்றது, நீங்களே சொல்லுங்க.

காரு வாங்குனா அதுகூட ஒரு பொஸ்தகம் குடுப்பாங்கல்ல, தடியா? அத எவனாச்சும் படிப்பானுங்களா? நான் பிளாஸ்டிக் கவரைக்கூடப் பிரிக்கல. இவன் வந்தான். "மாமா, இதக் கொஞ்சம் எடுத்துட்டுப் போயிப் படிச்சுட்டுத் தர்றேன்"னான். எடுத்துட்டுப் போயி, பரிட்சைக்குப் படிக்கறவனாட்டம் பென்சில்ல கோடு போட்டுப் படிச்சிருக்கறான். கார் என்னுது, கோடு அவனுது.

பொறவு ஒரு நாள் கரூர்ல ஒரு கல்யாணம். எனக்குக் காய்ச்சலு. சரி, இவன் ஓட்டட்டும்னு சாவியக் குடுத்தேன். குடுத்தனா, ஏறி உக்காந்தான். சீட்டை முன்ன இழுத்தான், பின்ன தள்ளுனான். கண்ணாடியத் திருப்புனான். அப்பறம் என்னையப் பாத்து, "மாமா, என்ன பாட்டு வேணும்னு இப்பவே சொல்லிருங்க. வண்டி ஓட ஆரம்பிச்சா நான் செட்டுல கைவெக்க மாட்டேன்"ங்கறான்.

என்னடா இது, ஓட்டல்ல இட்லியா தோசையான்னு கேக்கறாப்பல கேக்கறானேன்னு நெனச்சேன். "ரேடியோவப் போட்றா"ன்னேன். போட்டான். சத்தம் எவ்வளவு வெச்சாங்கறீங்க? கொசு பாடுனாக்கூட அதவிடச் சத்தமாக் கேக்கும். "ஏன்டா, கூட்டி வெய்யி"ன்னா, "பின்னால வர்றவன் ஆரன் அடிச்சா நமக்குக் கேக்கணும் மாமா"ங்கறான். பின்னால வர்றவன் நமக்கு எதுக்குங்க? முன்னால போறவனப் பத்தியே நான் கவலப்படறதில்ல.

வெள்ளகோயில் தாண்டுனதும் ரேடியோ கரகரன்னு ஆயிருச்சு. வெறும் இரைச்சல். மாத்துடான்னேன். மாத்தல. "எங்காச்சும் ஓரங்கட்டி மாத்தறேன் மாமா"ங்கறான். ஓரங்கட்டறதுக்கு நல்ல எடமாத் தேடிக்கிட்டே போறான், போறான், போறான். இங்க வளைவு, அங்க பாலம், இங்க மண்ணு எளக்கமா இருக்குது. அத்தன தூரமும் அந்த இரைச்சல். காய்ச்சக்காரனுக்கு எப்படி இருக்கும்? கடைசியா ஒரு டீக்கடைகிட்ட இண்டிகேட்டரைப் போட்டு, ரோட்ட விட்டு நல்லா எறங்கி, ஹேண்ட் பிரேக் இழுத்து, அப்பறம் மகராசன் ஒரு பட்டனை அமுக்குனான். ஒரு பட்டனுக்கு இத்தனை சடங்கு!

கரூர்ல எறங்கறப்போ பாத்தேன், வண்டிய நிறுத்திட்டு, சாவியத் திருப்பறதுக்கு முந்தி அந்தச் சத்தத்தையும் கொறைக்கறான். "இனி எதுக்குடா கொறைக்கறே?"ன்னா, "அடுத்த தடவ சாவி போட்டதும் திடீர்னு அலறக்கூடாதுங்க மாமா"ங்கறான். இவனெல்லாம் தூங்கறதுக்கு முந்தி கனவுக்கும் சத்தத்தைக் கொறச்சுத்தான் வெப்பான் போல.

அன்னிக்கிருந்து ஊருக்குள்ள நானே பேரு வெச்சுட்டேன், ‘ஓரங்கட்டுற மச்சினன்’னு. பந்தியில சொல்லுவேன், கடையில சொல்லுவேன். அவன் பக்கத்துல இருக்கறப்பவே சொல்லுவேன். சிரிப்பான். கோவமே வராதுங்க அவனுக்கு. அதுவும் ஒரு கொறைதான்.

நான் ஓட்டுனா எப்படித் தெரியுமுங்களா? வலது கையில ரெண்டு வெரலு ஸ்டீரிங்ல. எடது கை செட்டுல. எந்தப் பாட்டு புடிக்கலியோ தட்டு. புடிச்சதா, ஏத்து. கண்ணாடியெல்லாம் கிடுகிடுன்னு ஆடோணும். போனுல இருந்து ப்ளூடூத்துல எடுக்கறதுன்னாலும் போற போக்குல எடுத்துருவேன். இத்தன வருசத்துல ஒண்ணும் ஆனதில்ல. அவினாசிபாளையத்துக்கிட்ட ஒரு நாய் உளுந்துச்சு, அது நாயோட தப்பு. எங்க ஊரு பஸ் ஸ்டாப்புத் தூணுல ஒரு தடவ ஒரசிருச்சு. தூணை எவன் கொண்டுவந்து அங்க கட்டச் சொன்னான்?

இப்ப சங்கதிக்கு வர்றேன்.

என்ற புள்ளை வினோதினிக்குப் பொள்ளாச்சில மாப்பிள்ளை அமைஞ்சுது. நல்ல எடம். தென்னந்தோப்பு, அரிசி மில்லு. மாப்பிள்ளையோட அப்பா ஆறுச்சாமிக் கவுண்டரு. பெரிய மனுசன், வாட்டசாட்டமா இருப்பாரு, அதிகம் பேச மாட்டாரு. நிச்சயத்துக்கு நாள் குறிச்சாச்சு. அன்னிக்கு ஒறம்பரைக, சொந்தக்காரங்க எல்லாம் வேன்ல முன்னாடி போயிட்டாங்க. காருல நாங்க நாலு பேரு. நானு ஓட்டறேன். பக்கத்துல இவன். பின்னால என்ற சம்சாரம் ருக்குமணியும் புள்ளையும்.

முந்தின நாளுதான் பேட்டரி மாத்துனேன். பேட்டரியக் கழட்டுனா வண்டி செட்டுல இருக்கற கடியாரம் அழிஞ்சு போயிரும்ல? மறுபடி பன்னெண்டுல இருந்து ஆரம்பிக்கும். காலைல பத்து மணிக்கு அது ரெண்டுங்குது. தாராபுரம் தாண்டறவரைக்கும் நான் கவனிக்கவேயில்ல. இவன்தான் பாத்தான். பாத்துட்டு, "மாமா, மணி தப்பாக் காட்டுது. உடுமலைல டீக்கு நிறுத்தறப்போ நான் சரி பண்ணிர்றேன்"னான்.

சரின்னேன். ஆனா உடுமலைல நிறுத்தல. நேரமாயிருச்சு. போயிட்டே இருக்கறப்பதான் எனக்கு ஞாபகம் வருது. பொள்ளாச்சி ஊருக்குள்ள போனதும் ஆறுச்சாமிக் கவுண்டரு நம்ம வண்டில முன்னால ஏறி மண்டபத்துக்கு வழி காட்டறேன்னு சொல்லியிருந்தாரு. அந்த மனுசன் ஏறி உக்காந்து முன்னால பாத்தா என்ன நெனைப்பாரு? சம்பந்தி வண்டில கடியாரமே ஒழுங்கா இல்ல, இவன் வியாபாரம் எந்த லட்சணத்துல இருக்கும்னு நெனைக்க மாட்டாரா? இதெல்லாம் பொண்ணப் பெத்தவனுக்குத்தான் தெரியும்.

செட்டுல கையை வெச்சேன். "மாமா, சித்தெ ஓரமா நிறுத்துங்களே, ஒரு நிமிசம்தான்"னு ஆரம்பிச்சான்.

"ஆரம்பிச்சுட்டான்டா ஓரங்கட்ட"ன்னேன். பின்னால புள்ளைகூடச் சிரிச்சுது.

"அப்ப நான் அமுக்கறேன். நீங்க ரோட்டப் பாருங்க."

"என்ற வண்டில என்ற செட்டை நீ தொடறதா? கைய எட்றா."

ருக்குமணி பின்னால இருந்து, "ஏனுங்க, எல்லாத்து கையிலயும் வாட்சு இருக்குதுல்ல, அந்தக் கடியாரம் எப்படியோ போவுது உடுங்க"ன்னா. பொம்பளைகளுக்குக் கௌரவம்னா என்னன்னு தெரியுதுங்களா?

அது ஒரு தந்திரமுங்க, அந்தக் கடியாரம். ஒரு பட்டனை அமுக்கிப் புடிச்சுக்கிட்டே இருந்தா மணி மட்டும் மின்னும். பொறவு இன்னொரு பட்டனைத் தட்டித் தட்டி ஏத்தோணும். எனக்குப் பதினொண்ணு வரோணும். தட்டறேன், ஒம்போது, பத்து, பன்னெண்டு. பதினொண்ணத் தாண்டிருச்சு! மறுக்கா ஒண்ணுல இருந்து சுத்தி வரோணும். பாட்டு ஒரு பக்கம் ஓடுது, நல்ல குத்துப் பாட்டு, சத்தமா. நானு தட்டிக்கிட்டே இருக்கேன். ஏழு, எட்டு...

அப்ப இவன் "மாமா!"ன்னு ஒரு கத்து கத்துனான் பாருங்க. சும்மா போயிட்டிருக்கறவனை அப்படிக் கத்துனா என்ன ஆவும்? நிமிந்து பாத்தா ரோட்டுக்கு அந்தப் பக்கத்துல, நேரா என்ற வண்டிக்கு மூஞ்சிக்கு முன்னால, ஒரு அம்மா மொபெட்டுல வர்றா. பின்னால ஒரு கட்டு தட்டு. மாட்டுக்குப் போடற சோளத்தட்டு. அவளா எங்க பக்கத்துக்கு வந்தாளா, நாங்களா அவ பக்கத்துக்குப் போனமான்னு எனக்கு இன்னிக்கும் சந்தேகந்தான். ஆரன் அடிச்சாளாம். அடிச்சாளாம்! எனக்கு ஒண்ணும் கேக்கல. கேக்காத ஆரனெல்லாம் ஒரு ஆரனா?

நான் சமாளிச்சிருப்பேன். சத்தியமாச் சமாளிச்சிருப்பேன். அதுக்குள்ள இவன் எட்டிப் புடிச்சு ஸ்டீரிங்கை அவன் பக்கமா ஒரே இழுப்பு இழுத்துட்டான். வண்டி எடது பக்கம் பாஞ்சு போயிப் புளியமரத்துல மோதிருச்சு. எடது பக்கம். அவன் உக்காந்திருந்த பக்கம். இப்ப நீங்களே சொல்லுங்க, ஓட்டறவன் நானு, ஸ்டீரிங்கை இழுக்க அவன் யாரு? அவன் தொடாம இருந்திருந்தா வண்டி மரத்துல மோதியே இருக்காது.

என்னங்க? அந்தம்மாவா? அது... அது வேற விசயமுங்க. உடுங்க.

எனக்கு ஒரு கீறல் இல்ல. அதுல இருந்தே தெரியலிங்களா, எந்தப் பக்கம் யாரு பண்ணுன வேலைன்னு? புள்ளைக்கு நெத்தியில அடி. முன்சீட்டுல மோதிருச்சு. பட்டுச்சீலையெல்லாம் ரத்தம். ருக்குமணி கத்தறா. இவன் காலு கதவுக்கும் சீட்டுக்கும் நடுவுல மாட்டிக்கிச்சு. அப்பவும் அந்தப் பாட்டு மட்டும் நிக்கலீங்க. வண்டி மூஞ்சியே போயிருச்சு, செட்டு மட்டும் பாடிட்டே இருக்குது. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. இவன்தான் அந்த நெலமையில கைய நீட்டி அத அமத்துனான். அமத்திட்டு, "புள்ளைக்கு என்னாச்சுன்னு பாருங்க மாமா"ன்னான். பொறவு, "அந்தம்மா உளுந்துட்டாங்களா?"ன்னான்.

அவ எங்க உளுந்தா! வண்டிய நிறுத்திட்டு ஓடி வந்தா. பேரு ராமாத்தா, அங்க கோமங்கலத்துக்காரி. வந்து கதவைத் தொறந்து புள்ளையத் தூக்கி, அவ தலையில கட்டியிருந்த துண்ட அவுத்து நெத்தியில கட்டுனா. கட்டிட்டு எம்பக்கம் திரும்புனா பாருங்க. "ஏய்யா, கண்ணு என்ன பொடனியிலயா இருக்குது? எனக்கு ரெண்டு புள்ளைக இருக்குதய்யா"ன்னு நடுரோட்டுல, போறவன் வர்றவன் முன்னால. காங்கயத்துல என்னையப் பாத்து அப்படி ஒருத்தி பேசிருவாளா? துண்டு குடுத்தாங்கறதுக்காக எதையும் பேசிறலாமா?

பொள்ளாச்சில ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாங்க. புள்ளைக்கு நெத்தியில தையலு. இவனுக்கு முழங்காலுக்குக் கீழ ரெண்டு எடத்துல எலும்பு போயிருச்சு. ஆறுச்சாமிக் கவுண்டரும் சம்பந்தியம்மாளும் மண்டபத்துல இருந்து நேரா அங்க வந்தாங்க. எனக்கு அப்பத்தான் ஒறச்சுது. ரத்தத்தோட ஆரம்பிச்ச காரியம், சகுனம் சரியில்லைன்னு ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சுது. சொல்லலாம். சொல்றதுக்கு அவங்களுக்கு உரிமை இருக்குது.

கவுண்டரு என்னையப் பாத்துக் கேட்டாரு. "எப்படிங்க ஆச்சு?"

நான் சட்டையில ஒட்டியிருந்த கண்ணாடித் தூளைத் தட்டிக்கிட்டிருந்தேன். ருக்குமணி தலையக் குனிஞ்சுக்கிட்டா. புள்ளை என்னையே பாக்குது. அப்பத்தான் கட்டில்ல இருந்து இவன் சொல்றான், "வண்டி திடீர்னு ஒரு பக்கமா இழுத்துருச்சுங்க. மாமா எவ்வளவோ பாத்தாரு"ன்னு.

கேட்டீங்களா? அவன் வாயாலயே சொன்னான். வண்டி இழுத்துருச்சு. அவ்வளவுதான் நடந்தது. அதுக்கு மேல யாரு என்ன பேசறதுக்கு இருக்குது?

கவுண்டரு அவன் காலைப் பாத்தாரு, என்னையப் பாத்தாரு. பொறவு சம்பந்தியம்மாளைக் கூப்புட்டாரு. அந்தம்மா மண்டபத்துல இருந்து கையோட கொண்டுவந்த தட்டுல இருந்த பூவை எடுத்து, கட்டுப் போட்ட தலையிலயே புள்ளைக்கு வெச்சு உட்டாங்க. நர்சுகளெல்லாம் வந்து நின்னு பாத்தாங்க. நிச்சயம் அப்படித்தான் முடிஞ்சுது. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. ஆஸ்பத்திரி மருந்து வாடை எனக்கு ஒத்துக்கறதில்ல.

கல்யாணம் நல்லபடியா நடந்துச்சு. ஆனா அந்தப் புள்ளை என்ன பண்ணுச்சு தெரியுமுங்களா? மண்டபத்துக்குப் போறதுக்கு, "லோகு மாமா ஓட்டட்டுமப்பா"ன்னுது. பெத்த அப்பன் பக்கத்துல நிக்கறேன். காலு சரியாகி அப்பத்தான் நடக்கறான், அதுவும் சாச்சு சாச்சு நடக்கறான். அவன் ஓட்டோணுமாம். ஓட்டுனான். நல்லவேளை, மண்டபம் பக்கந்தான், இல்லீனா தாலி கட்டற நேரத்துக்கு ரோட்டுல ஓரங்கட்டிட்டு நின்னிருப்பான். அந்த ராமாத்தாளும் வந்திருந்தா. முன்வரிசையில, புருசன், ரெண்டு புள்ளைகளோட. யாரு அழைச்சா? நான் அழைக்கல. இவன்தான் பத்திரிக வெச்சிருக்கறான். இவன் காலு எப்படி இருக்குதுன்னு அவ அடிக்கடி போன் பண்ணி விசாரிப்பாளாம். என்னைய விசாரிச்சாளா? நானும் அதே வண்டிலதான் இருந்தேன்.

அந்த மரத்துல மோதுனதுல இருந்து நான் ஓட்டறதில்ல. பயமா? எனக்கா? கண்ணுல சித்தெ கூச்சம் இருக்குதுங்க, எதுத்தாப்புல வெளிச்சம் பட்டா. டாக்டருகிட்டக் காட்டோணும், நேரமில்ல. கடைல வேல.

கோமங்கலம் வந்துருச்சுங்களா? அந்த வளைவு தாண்டுனதும் எடது கைப் பக்கம் ஒரு புளியமரம் வரும். பட்டை போயி வெள்ளையாத் தெரியும்பாங்க. இன்னும் தெரியுதான்னு நீங்களே பாத்துச் சொல்லுங்க. நான் பாக்கறதில்ல. எனக்கு என்னமோ கழுத்து அந்தப் பக்கம் திரும்பறதில்ல.

போயிருச்சா? சரி.

இன்னும் ஒண்ணு சொல்லிர்றேன், அதுதான் எனக்கு ஆறவே மாட்டேங்குது. கல்யாணத்துக்கு முந்தி, வண்டிய ஒர்க்ஷாப்புல சரி பண்ணிக் கொண்டுவந்து கொட்டாயில விட்டாங்க. ஒரு நாள் மத்தியானம் வீட்டுல யாரும் இல்ல. போயி உள்ள உக்காந்தேன். சும்மாதான். சாவியைத் திருப்புனேன். செட்டுல வெளிச்சம் வந்துச்சு. பேட்டரியக் கழட்டியிருப்பாங்களாட்ட இருக்குது, கடியாரம் பன்னெண்டுன்னு மின்னுது. மின்னிக்கிட்டே இருக்குது. வண்டி நிக்குது, கொட்டாயில நிக்குது, முன்னால செவுரு. அப்பவும் எனக்கு வெரலு போகலீங்க. நீட்டறேன், பட்டனுக்கு முன்னாலயே மடங்கிக்குது. சக்கரை ஏறியிருக்கும்.

எவ்வளவு நேரம் உக்காந்திருந்தேனோ. பாத்தா இவன் வந்து கதவோரமா நிக்கறான், கையில கோலு ஊணிக்கிட்டு. நின்னு பாத்தான். சுத்தி வந்து அக்கட்டச் சீட்டுல ஏறுனான். வண்டி நிக்கறது செவுத்துக்கு முன்னாலன்னு தெரியும், இருந்தாலும் ஹேண்ட் பிரேக்கை ஒரு தடவ இழுத்துப் பாத்துக்கிட்டான். கை வாட்சைப் பாத்தான். மெதுவா, ஒவ்வொரு தட்டாத் தட்டி மணியச் சரி பண்ணுனான். பொறவு சாவியத் திருப்பி எடுத்து என்ற கையில குடுத்துட்டு, "வெயிலு அடிக்குது மாமா, வாங்க, காப்பி குடிக்கலாம்"னான்.

அவ்வளவுதானுங்க. அவ்வளவேதான்.

‘நான் அன்னிக்கே சொன்னேன்ல மாமா’ன்னு ஒரு வார்த்தை. ஆஸ்பத்திரில சொல்லல. காலுல கட்டுப் பிரிச்ச அன்னிக்குச் சொல்லல. கொட்டாயிலயும் சொல்லல. இன்னிக்கு வரைக்கும் ஒரு வார்த்தை சொல்லலீங்க. ஒருத்தனுக்கு என்ன திமிரு இருந்தா இப்படி வாயத் தொறக்காம இருப்பான்? அவன் சொல்லியிருந்தா நானும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பேன். கையில கெடச்சதை எடுத்து வீசியிருப்பேன். சண்டை போட்டு, நாலு நாளு பேசாம இருந்து, பொறவு அந்தக் காருல நானும் ஒருத்தனா ஏறி உக்காந்திருப்பேன். அதுக்கு வழியே இல்லாமப் பண்ணிட்டானுங்க, படுபாவி.